கானக வழி எவர்க்குரியது?

பெங்களூரில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் வெள்ளிக்கிழமை இரவுதோறும் ஏறத்தாழ ஒரே உரையாடல் நிகழ்கிறது. கல்லூரியில் பயிலும் மகனோ, கணிப்பொறித் துறையில் பணியாற்றும் மகளோ மோட்டார் சைக்கிளின் செயினுக்கு எண்ணெயிட்டு, டயர்களின் காற்றைச் சரிபார்த்து, மறுநாள் விடியுமுன் புறப்பட ஆயத்தமாகின்றனர். செல்லுமிடம் சக்லேசபுரத்து மலைச்சரிவாக இருக்கலாம், பிசிலேக் காடாக இருக்கலாம், குடகாக இருக்கலாம். இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓடிய பின், சாலையை விட்டு விலகி, காட்டுக்குள் நுழையும் மண் தடத்தில் ஏறுவதே பயணத்தின் நோக்கம். "இருக்கிற தார் ரோடெல்லாம் போதாதாப்பா?" என்று வீட்டுப் பாட்டி கேட்கிறார். அதற்கு விடை வருவதில்லை; சிரிப்புத்தான் வருகிறது.

பெற்றோராகிய நாமும் சில கேள்விகள் கேட்கிறோம். தலைக்கவசம் இருக்கிறதா, உடன் வருபவர் யார், மழை வருமா, யானை வருமா என்று விசாரிக்கிறோம். இவை அனைத்தும் அன்பில் பிறந்த கேள்விகள். ஆயினும் கூர்ந்து நோக்கினால் இவை யாவும் ஒரே கேள்வியின் பல வடிவங்கள் என்பது விளங்கும். போவது பத்திரமா என்று கேட்கிறோம்; போவது முறையா என்று கேட்பதில்லை. தார் போடாத காட்டு வழியில், தேவை ஏதுமின்றி, இன்பம் ஒன்றையே நாடி வண்டி ஓட்டிச் செல்வது அறவழிப்பட்டதா? அதற்கு எல்லை உண்டா? உண்டெனில் அதை வரைய வேண்டியவர் யார்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இளைஞரைக் கடிந்துரைப்பது எளிது. அது நம் நோக்கமன்று.

முதலில் அவ்வின்பத்திற்கு நியாயம் செய்வோம். மண் தடத்தில் வண்டி ஓட்டுவது எளிய செயலன்று. இருநூறு கிலோவை நெருங்கும் எடையுள்ள வண்டி ஈரச் செம்மண்ணிலும் உருளும் சரளையிலும் ஒவ்வொரு கணமும் வழுக்கப் பார்க்கும். ஓட்டுபவர் இருக்கையை விட்டெழுந்து, கால்மிதிகளின் மேல் நின்று, முழங்கால்களால் பெட்ரோல் டாங்கை அணைத்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்த கியரில், சீரான வேகத்தில் செல்ல வேண்டும். அவசரத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் முன் சக்கரம் நழுவி ஆளைக் கீழே தள்ளிவிடும். எல்லாவற்றினும் முதன்மையான பாடம் கண்ணைப் பற்றியது. எந்தக் கல்லுக்கு அஞ்சி அதையே உற்று நோக்குகிறோமோ, அந்தக் கல்லின் மேலேயே வண்டி போய் ஏறும்; செல்ல வேண்டிய இடத்தை நோக்கினால் வண்டி அவ்விடம் செல்லும். ஐந்து நாள் குளிரூட்டிய அறையில் திரையை நோக்கி அமர்ந்திருந்த ஓர் இளைஞனுக்கு, உடலும் கருத்தும் ஒன்றுபடும் இந்த அனுபவம் எத்துணை விடுதலையாக இருக்கும் என்பதை உணர முடியாதவர் அல்லர் நாம். மண் வாசனையும், இலைகளினூடே வரும் வெயிலும், தன் உடலின் திறமையைத் தானே அறியும் மகிழ்ச்சியும் இழிந்தவை அல்ல. இவ்வின்பத்தைப் பழிக்க நமக்கு உரிமையில்லை.

ஆயினும் ஓர் இன்பம் தூய்மையானது என்பதனாலேயே அதற்கு எங்கும் நுழையும் உரிமை வந்துவிடுமா? இதற்கு விடை காண, அந்த மண் தடம் யாருக்காக உண்டாயிற்று என்று கேட்டாக வேண்டும்.

காட்டு வழி தானாகத் தோன்றுவதில்லை. அவற்றுள் பழமையானவை யானைகள் நடந்து நடந்து உண்டாக்கியவை. மலைச்சரிவில் ஏற்றம் குறைந்த இடத்தைத் தேர்ந்து செல்வதில் யானைக்கு நிகர் இல்லை. அதே தடங்களில் காடுவாழ் மக்கள் தேனுக்கும் கிழங்குக்கும் நடந்தனர். 1864-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு வனத்துறையை நிறுவியபின், தேக்கும் பிற மரங்களும் வெட்டிக் கொணர வண்டிப் பாதைகள் திறக்கப்பட்டன. தோட்ட முதலாளிகள் காப்பியும் ஏலமும் இறக்க வேறு பாதைகள் அமைத்தனர். காட்டுத்தீ பரவாமல் தடுக்க வெட்டப்பட்ட தீத்தடுப்புக் கோடுகளும் நாளடைவில் ஜீப் செல்லும் தடங்களாயின. இன்று நம் பிள்ளைகள் ஏறும் மண் தடம் எதுவாயினும், அது விளையாட்டுக்கென்று அமைந்ததன்று. யாரோ ஒருவரின் பிழைப்புக்கோ, ஏதோ ஓர் உயிரின் நடமாட்டத்திற்கோ அமைந்த வழியில்தான் நாம் விளையாடச் செல்கிறோம்.

அவ்வழியில் எதிர்ப்படுபவர் நம்மவராகவே இருப்பதும் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் தென்கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில் அரசின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த தோட்டங்கள் அவை. ரப்பர்ப் பால் வெட்டும் தொழில் விடியற்காலையில் தொடங்குவது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆதலால் இருள் பிரியும் நேரத்தில் பால்வெட்டுத் தொழிலாளர் மண் பாதையில் நடந்து செல்கின்றனர். நகரத்திலிருந்து விடுமுறை நாளில் வரும் தமிழ் இளைஞனுக்கு அவ்வழி சாகசம். அங்கே வாழும் தமிழ்ப் பெண்ணுக்கோ அதுவே வேலைக்குச் செல்லும் தெரு. இருவர் பேசுவதும் ஒரே மொழி. இருவர் நிற்பதும் ஒரே மண். ஆனால் அந்த வழி இருவர்க்கும் ஒன்றன்று.

வண்டியும் அவ்வாறே. மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் தலாபாரி என்னும் சிற்றூரைச் சேர்ந்த கரிமுல் ஹக் என்பவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. 1995-ஆம் ஆண்டில் அவர் தாயார் நோயுற்றபோது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஊர்தி கிடைக்காமையால் உயிர் துறந்தார். பின்னர் ஒரு நாள் உடன் பணிபுரிந்தவர் மயங்கி விழ, அவரைத் தம் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார் கரிமுல் ஹக். அன்று முதல் அவருடைய வண்டி அப்பகுதியின் ஆம்புலன்ஸ் ஆயிற்று. நல்ல சாலை இல்லாத சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கான நோயாளிகளை அவர் ஏற்றிச் சென்றார். 2017-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மோட்டார் சைக்கிளையோ மண் பாதையையோ நாம் குறை கூறவில்லை என்பதற்கு இவரே சான்று. கருவி ஒன்றே, அதைச் செலுத்தும் தேவை வேறு. அறம் கேட்பது இந்தத் தேவையைப் பற்றியே ஆகும்.

இனி, இன்பத்திற்காகச் செல்பவன் அவ்வழிக்கு என்ன செய்கிறான் என்று பார்ப்போம். மண் பாதைக்கு எதிரி நீர். அதனால்தான் பாதையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, இருபுறமும் வடிகால் விட்டு அமைப்பார்கள். விழும் மழை ஓரத்திற்கு ஓடிவிடும். ஈரமான நாளில், முண்டு முண்டான டயர் பூண்ட சக்கரம் ஏற்றத்தில் சுழலும்போது மேல்மண்ணைக் கிழித்து நீளவாக்கில் ஒரு பள்ளம் இடுகிறது. அடுத்த மழையின் நீர் ஓரத்திற்குச் செல்லாமல் அப்பள்ளத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு சரிவில் இறங்குகிறது. இறங்கும் நீர் மேலும் மண்ணை அரிக்கிறது. பத்து வண்டிகள் சென்ற தடம் ஒரு பருவம் முடிவதற்குள் முழங்கால் அளவுப் பள்ளமாகிவிடக் கூடும். அதன்பின் குடியிருப்புக்கு அரிசி கொண்டுவரும் ஜீப் அவ்வழியில் ஏறாது. ஞாயிறு மாலை நம் பிள்ளை நகரம் திரும்பிவிடுகிறான். திங்கட்கிழமை அந்தப் பள்ளத்தோடு வாழ வேண்டியவர் அங்கேயே இருக்கிறார்.

பள்ளத்தில் தேங்கும் நீரைக் கிழித்துக்கொண்டு, இருபுறமும் சேறு சிறகு விரிய வண்டியைச் செலுத்துவது ஓட்டுபவர்க்குப் பெருமகிழ்ச்சி. அதை நிழற்படம் எடுத்துக் காட்டாத இளைஞர் அரியர். ஆனால் மேற்குமலைத் தொடரில், வேறெங்கும் காணக்கிடைக்காத தவளையினங்கள் பல வாழ்கின்றன. மழைக்காலத்தில் அத்தகைய ஆழமற்ற நீரிலும் தவளைகள் முட்டையிடுவதுண்டு. நமக்குச் சேற்றுக் குட்டையாகத் தோன்றுவது தலைப்பிரட்டைகளுக்கு உலகம். சக்கரங்களில் ஒட்டிய சேற்றோடு, ஊர்ப்புறத்துப் பார்த்தீனியத்தின் நுண்ணிய விதைகளும் காட்டிற்குள் வருகின்றன. களை ஒருமுறை வேரூன்றிவிட்டால் அதை அகற்றுவது எத்துணைக் கடினம் என்பதற்கு, பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் அடித்தளத்தை உண்ணிச்செடி கவர்ந்துகொண்டதே சான்று. அழகுச் செடியாக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது அது. கொண்டுவந்தவர் தீய எண்ணத்தோடு கொண்டுவரவில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்வோம்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, அதிர்ந்து முழங்கும் குழாயைப் பொருத்திக்கொள்வது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. 1980-களில் கேட்டி பெய்ன் என்னும் ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும், மனிதச் செவிக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலிகளால் யானைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று கண்டறிந்தனர். நமக்கு அமைதியாகத் தோன்றும் காட்டில் ஓயாத உரையாடல் நடந்துகொண்டிருக்கிறது. அதன் நடுவே நாம் முழங்கிக்கொண்டு செல்கிறோம். நாம் கேளாத பேச்சை நாம் குலைக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

இவ்விடத்தில் உரிமை என்னும் வாதம் எழும். இந்நாட்டின் குடிமகன் இந்நாட்டின் எப்பகுதிக்கும் செல்லலாம் அன்றோ? புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது வெறும் சட்டப் பேச்சன்று. நம் வாழ்வின் அடித்தளம். அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு, இந்திய நிலப்பரப்பெங்கும் தடையின்றிச் செல்லவும் எப்பகுதியிலும் தங்கி வாழவும் குடிமக்களுக்கு உரிமை வழங்குகிறது. அந்தப் பிரிவின் நிழலில்தான் நாம் இந்நகரில் வீடு கட்டினோம். பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். தமிழ்ச் சங்கமும் நிறுவினோம். ஆனால் அதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவை நாம் படிப்பது அரிது. பொதுமக்களின் நலனுக்காகவோ, பட்டியல் பழங்குடியினரின் நலன்களைக் காப்பதற்காகவோ இவ்வுரிமைகளின் மேல் நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்று அது கூறுகிறது. நம்மைப் போன்றோர் எங்கும் செல்ல வழி திறந்தவர்களே, நம் வரவால் நலிவடையக் கூடியவர்களையும் அதே மூச்சில் நினைத்தனர். இது சட்டம் இயற்றியோரின் முன்யோசனை மட்டுமன்று. ஓர் அறநெறி என்றே கொள்ளத்தக்கது.

பின்வந்த சட்டங்களும் இதே வேறுபாட்டைப் போற்றுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்தினுள் அனுமதியின்றி நுழைவதைத் தடை செய்கிறது. ஆனால் பணியிலுள்ள அரசு ஊழியர்க்கும், அங்கு வசிக்க இசைவு பெற்றவர்க்கும், அங்கு நிலவுரிமை உடையவர்க்கும், பொது நெடுஞ்சாலை வழியே கடந்து செல்பவர்க்கும் அத்தடை இல்லை. சுற்றுலாவுக்கும் ஆராய்ச்சிக்கும் அனுமதி பெற்றுச் செல்ல வழி உண்டு. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டமோ, காடுவாழ் மக்களின் பள்ளி, மருந்தகம், குடிநீர் ஆகியவற்றோடு சாலையையும் சேர்த்து, கிராம சபையின் பரிந்துரையின்மேல், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தர இடமளிக்கிறது. 2011-இல் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர், புலிகள் காப்பகத்தினுள்ளேயே தம் சமூக வனவுரிமையை ஏற்கச் செய்தனர். அவர்கள் வழியை அவர்கள் பயன்படுத்துவதற்கு யார் இசைவும் வேண்டியதில்லை. நாம் பயன்படுத்த வேண்டுமாயின் கேட்க வேண்டும். இது பாகுபாடு ஆகாது. வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதில்லை, விருந்தினர் தட்டுகிறார். இதில் விருந்தினர்க்கு இழிவு எங்கே வந்தது?

தேவையும் காடும் மோதுமிடத்தில் தீர்ப்பு எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தார்ச்சாலையைப் பற்றியதாயினும் பந்திப்பூர் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோழிக்கோட்டையும் கொள்ளேகாலத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை அக்காட்டின் நடுவே செல்கிறது. இரவு வண்டிகளில் விலங்குகள் அடிபட்டு மடிந்ததால், 2009-இல் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை போக்குவரத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. 2010-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திகளுக்கும், குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. வயநாட்டு மக்கள் தங்கள் வாணிகமும் வாழ்வும் முடங்குவதாகக் கூறி எதிர்த்தனர். 2019-இல் சுல்தான் பத்தேரியில் உண்ணாநோன்பும் இருந்தனர். அவர்கள் குறையை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. இரவில் விளைபொருள் ஏற்றிச் செல்லும் லாரிக்காரரின் பிழைப்பே காட்டின்முன் நின்று காத்திருக்க வேண்டியுள்ளது என்றால், விடுமுறை இன்பம் தான் காத்திருக்க இயலாது என்று எந்த முகத்தோடு சொல்லும்?

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றுள் வலிமையானவற்றை எண்ணிப் பார்ப்போம். "மலையைக் குடையும் சுரங்கங்களும் அணைகளும் நெடுஞ்சாலைகளும் அழிக்காத காட்டையா எங்கள் பத்து வண்டிகள் அழித்துவிடும்?" என்று கேட்பர். உண்மை. குதிரேமுக் மலையில் இரும்புத்தாது வெட்டியெடுத்த சுரங்கம், உச்சநீதிமன்ற ஆணைப்படி 2005-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்படுமுன் செய்த மாற்றத்தோடு ஒப்பிட்டால் ஒரு மோட்டார் சைக்கிளின் தடம் ஒன்றுமே இல்லை. ஆனால் பெருங்குற்றம் ஒன்று உலகில் இருப்பது சிறு பிழைக்கு உரிமைச்சீட்டு ஆகாது. ஊர்க்குளத்தை ஆலைக்கழிவு கெடுக்கிறது என்பதற்காக நாம் அதில் எச்சில் உமிழ்வதில்லை. மேலும், சுரங்கத்தை மூட நீதிமன்றம் வேண்டும்; நம் வண்டியை நிறுத்த நம் கை போதும். தன் கைக்கு எட்டியதைச் செய்யாதவன் எட்டாததைப் பற்றிப் பேசும் பேச்சில் உறுதி இராது.

"காட்டைக் கண்டவன்தானே காட்டை நேசிப்பான்? நேசிப்பவன்தானே காப்பான்?" என்பது மற்றொரு வாதம். இதில் பாதி உண்மை உண்டு. நகரத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் காட்டை நேரில் காண்பது நன்றே. ஆனால் காண்பது என்பது என்ன? மண் தடத்தில் விரைபவரின் கண் பத்தடி தொலைவிலுள்ள கல்லிலும் வழுக்கலிலும் ஊன்றியிருக்கும், ஊன்றாவிட்டால் விழுவார். செவியில் எஞ்சினின் ஒலி. வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி, எஞ்சின் சூடு தணியும்வரை ஒரு மரத்தடியில் அமர்ந்திருக்கும் கால்மணி நேரத்தில்தான் காடு மெல்லத் திரும்பி வருகிறது. அப்படியாயின் காட்டைக் காண்பித்தது வண்டியன்று; வண்டியின் ஓய்வு.

பழந்தமிழர் மலைவழியே செல்வோர்க்கென்றே பாடி வைத்த நூல் மலைபடுகடாம். பரிசில் பெற்று வந்த கூத்தர், பெறப் போகும் கூத்தர்க்கு நன்னனின் மலைநாட்டு வழியைச் சொல்வதாக அமைந்த 583 அடிகள் அவை. மலையை யானையாகவும், அதன் பல்வேறு ஓசைகளை யானையின் மதமாகவும் உருவகித்ததால் அதற்கு அப்பெயர் வந்தது. குட்டியைத் தவறவிட்ட மந்தியின் கூக்குரல், தேனெடுத்த குறவரின் ஆரவாரம், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு என்று அந்த மலையின் ஓசைகள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. வழியைக் கூறும் நூல், ஏன் ஓசைகளைக் கூறியது? வழியறிதல் என்பது அவ்வழியில் வாழ்வோரை அறிதல் என்று அப்புலவர் கருதியிருக்க வேண்டும். எங்கே வழுக்கும், எங்கே பாம்பு உண்டு, எங்கே பன்றிப்பொறி உண்டு என்று எச்சரிப்பவர், எந்தக் குடியினர் எவ்வாறு வரவேற்பர் என்பதையும் உரைக்கிறார். அவருக்குக் காடு வெற்றிடமாகத் தோன்றவில்லை. ஆட்கள் நிறைந்த ஊராகவே தோன்றியது.

காட்டில் ஊர்தி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவன் பாரி. முல்லைக் கொடிக்குத் தேரை ஈந்தவன் அவன். கொடைமடம் என்று சான்றோர் அதனைப் போற்றுவர். ஆனால் பாரியைப் பின்பற்றுமாறு நம் பிள்ளைகளிடம் சொல்வதில் பயனில்லை. தவணை முறையில் வாங்கிய வண்டியைக் கொடிக்கு ஈந்துவிட்டு வீடு திரும்புதல் மன்னர்க்கே இயலும். நமக்கு ஏற்ற வழிகாட்டி வேறொருவன். அகநானூற்றின் நான்காம் பாடலில் வரும் பெயரற்ற தலைவன் அவன். குறுங்குடி மருதனார் பாடியது அது. கார்காலம் வந்துவிட்டது, காடு நனைந்து பூத்துவிட்டது, வருவதாகச் சொன்ன பருவத்தில் தலைவியிடம் சேர்ந்தாக வேண்டும். குதிரைகள் விரைகின்றன. அந்த விரைவிலும், பூத்த சோலையில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சி, தேரின் மணிகள் ஒலிக்காதவாறு அவற்றின் நாவைக் கட்டிவிடுகிறான்.

இந்தப் பாடலை மேடைகளில் எத்தனையோ முறை கேட்டுவிட்டோம். தமிழனின் அருளுக்குச் சான்று என்று மெச்சிக் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இன்று நம் கேள்வியோடு அவனிடம் சென்றால் அவன் வேறு சில செய்திகளையும் சொல்கிறான். அவன் பயணத்தைக் கைவிடவில்லை, போகத்தான் செய்தான். அவன் போவதற்குத் தக்க தேவை இருந்தது. காத்திருக்கும் ஒருத்தி இருந்தாள். தேவை இருந்தும் அவன் தன் ஒலியை அடக்கினான். மணியோசை தேருக்கு அழகு. வருகையை அறிவிக்கும் பெருமிதம். பயணத்திற்கு இன்றியமையாததை அவன் விடவில்லை. பெருமிதத்திற்கு மட்டும் உரியதை விட்டான். அவ்வாறு செய்யுமாறு எந்த ஆணையும் இல்லை. வண்டுகள் எந்த மன்றத்திலும் முறையிடப் போவதில்லை. சோலையைக் கண்டவுடன் அங்கே வாழ்பவை எவை என்று எண்ணினான்; அவ்வளவே.

இத்தலைவனை அளவுகோலாகக் கொண்டால் நம் கேள்விக்கு ஒருவாறு விடை கிடைக்கிறது. தேவையோடு சென்றவனே இத்துணை அடங்கிச் சென்றான் எனில், தேவையின்றி இன்பம் நாடிச் செல்பவன் அவனினும் அடங்கிச் செல்லக் கடமைப்பட்டவன். தேவை குறையுந்தோறும் பணிவு கூட வேண்டும். இதுவே காட்டு வழியின் அறம் என்று நாம் கருதுகிறோம். நம் நடைமுறையில் இது முற்றிலும் தலைகீழாக இருக்கிறது. நோயாளியை ஏற்றிச் செல்பவர் மெல்லச் செல்கிறார்; விளையாடச் செல்பவர் முழங்கிச் செல்கிறார்.

இவ்வறம் நடைமுறையில் எளியதே. தொழிற்சாலை பொருத்திய சைலன்சரை மாற்றாதிருத்தல் இன்று மணியின் நாவைக் கட்டுவதாகும். மண் நனைந்திருக்கும் மழை மாதங்களில் அவ்வழியை அதற்குரியோர்க்கே விட்டுவிடுதல் வேண்டும். காட்டிற்குள் நுழையுமுன் சக்கரங்களைக் கழுவிக்கொள்ளுதலும், தேங்கிய நீரைச் சுற்றிச் செல்ல இடமிருப்பின் சுற்றிச் செல்லுதலும், கூட்டமாகச் செல்லாமல் ஓரிருவராகச் செல்லுதலும், நடப்பவரைக் கண்டால் வேகம் தணித்து ஓரம் நிற்றலும், பொழுது சாயுமுன் காட்டை விட்டு நீங்குதலும் கடினமானவை அல்ல. அனுமதி வேண்டிய இடத்தில் அனுமதி பெறுதலும், மறுக்கப்பட்ட இடத்தில் வண்டியைத் திருப்புதலும் இவற்றோடு சேர்ந்தவை. திருப்புதல்தான் இளமைக்கு அரிது. ஏற்றத்தில் ஏறிக் காட்டுவது வீரம் என்று நண்பர் குழாம் கருதுகிறது. குறுகிய தடத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்கு வேண்டிய மனவலிமை அதனினும் பெரிது என்பதை அவர்களுக்கு எவரேனும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிற்கும் முன்பாக ஒன்றுண்டு. தார்ச்சாலை முடியுமிடத்தில் பெரும்பாலும் ஒரு தேநீர்க்கடை இருக்கும். அங்கே வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, "ஈ தாரீலி ஹோகபஹுதா?" என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை கேட்டல். இவ்வழியில் போகலாமா என்பதே அதன் பொருள். போகலாம் என்ற விடையோடு எத்தனையோ செய்திகளும் கிடைக்கும்: நேற்று யானை நின்ற இடம், பாலம் இடிந்த இடம், முதியவர் ஒருவர் நோயுற்றுக் கிடப்பதால் ஒலியெழுப்பாமல் கடக்க வேண்டிய வீடு. கேட்டவன் அந்நியன் என்னும் நிலையிலிருந்து விருந்தினன் என்னும் நிலைக்கு உயர்கிறான். கேளாதவன் எத்தனை முறை வந்தாலும் அந்நியனே.

இதைக் கற்பிக்கப் புலம்பெயர்ந்தோராகிய நம்மைவிடத் தகுதியுடையோர் யார்? பிறர் மண்ணில் தலைநிமிர்ந்தும் வாழலாம், அவர்கள் மனம் நோகாமலும் வாழலாம் என்பதை நூல் படித்து நாம் அறியவில்லை, வாழ்ந்து அறிந்தோம். அண்டை வீட்டாரின் மொழியை முதலில் கற்றவர்கள் நம் தாய்மார்கள். யுகாதியன்று அவர்கள் தந்த பேவு–பெல்லத்தை நம் பிள்ளைகள் உண்டு வளர்ந்தனர். சட்டம் தந்த உரிமை நம்மை இங்கே கொண்டுவந்தது. இங்கே நம்மை ஒருவராக்கியது அவ்வுரிமையன்று, நாம் நடந்துகொண்ட முறை. நகரத்துத் தெருவில் தாய் காட்டிய அந்த நடத்தையைக் காட்டு வழியில் மகனும் மகளும் காட்டினால் போதும். புதிதாக ஓர் அறம் வகுக்க வேண்டியதில்லை.

அவர்கள் போய் வந்தபின், மறுநாள் இருள் பிரியும் நேரத்தில் பால்வெட்டக் கத்தியோடு அந்தப் பாதையில் இறங்கும் பெண் எதையும் புதிதாகக் காணக்கூடாது. நேற்றிருந்த மண்ணும், நேற்றிருந்த வடிகாலும், குட்டையில் நேற்று நீந்திய தலைப்பிரட்டைகளும் அவளுக்கு அப்படியே இருக்க வேண்டும். நேற்று அவ்வழியே யாரோ சென்றனர் என்பதே அவளுக்குத் தெரியாதிருந்தால், சென்றவர் நன்கு சென்றார் என்பது பொருள்.